எண்பது வயதின் நீலம்

அம்மாவுக்கு வலக்கண்ணில் புரை எடுத்தபோது வயது 71. கட்டைப் பிரித்து வீட்டுக்கு அழைத்துவந்த மறுநாள் காலை, கூடத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்துவதும், அதைத் திறந்து மறு கண்ணைப் பொத்துவதுமாக இருந்தார். "கண்ணுகிட்ட கை கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லம்மா" என்றேன். "அது கிடக்கட்டும். இந்தச் செவுரு வெள்ளையா, பழுப்பா? சொல்லு" என்றார். புதுக் கண்ணுக்குச் சுவர் வெள்ளையாக இருந்தது, சொட்டுநீலம் போட்டு அலசிய வேட்டி போல. பழைய கண்ணுக்கு அதே சுவர் டீக்கறை படிந்ததாக இருந்தது. இத்தனை வருடம் விடியற்காலையில் வாசலில் குனிந்து போட்ட கோலமாவு தன் கண்ணுக்கு என்ன நிறமாக இருந்தது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில் இடக்கண்ணுக்கும் லென்ஸ் வைத்தாயிற்று, அதோடு அந்த இரட்டை உலகம் அவருக்கு முடிந்துபோனது. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒருவர் அதே இரட்டை உலகத்தில் கடைசிவரை வாழ்ந்தார். நிறத்தைப் பார்ப்பதுதான் அவருக்குத் தொழிலே. ஓவியர் கிளாட் மோனேவின் கதைக்குள் போகும் முன் கண்ணுக்குள் இருக்கும் அந்த வில்லையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக, இருபுறமும் புடைத்து, கண்மணிக்கு நேர் பின்னால் இருக்கிறது அது. ரத்தக்குழாய் ஒன்றும் அதற்குள் போவதில்லை. போனால் ஒளி தடைபடும். நடுவிலுள்ள செல்கள் தம் உட்கருவையே இழந்துவிட்டு, தெளிந்த புரதத்தால் நிறைந்து நிற்கின்றன. உட்கரு இல்லாததால் பழைய புரதம் கெட்டால் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. தோல் உதிர்ந்து புதிதாகிறது, ரத்தச் சிவப்பணு நான்கு மாதத்தில் மாறிவிடுகிறது, எலும்புகூட மெல்ல மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. வில்லையின் நடுப்பகுதியோ நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான அதே பொருள். 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் வில்லையிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து அவர்கள் எந்த ஆண்டை ஒட்டிப் பிறந்தார்கள் என்று கணித்தார்கள். அதே வழியில்தான் கிரீன்லாந்துச் சுறாக்கள் சில நூற்றாண்டுகள் வாழ்பவை என்பதும் 2016இல் தெரியவந்தது. எண்பது வயதுக்காரர் ஒரு ரோஜாவைப் பார்க்கும்போது, அந்த ஒளி அவர் பிறப்பதற்கு முன்பே உருவான ஒரு பொருளின் ஊடாகத்தான் உள்ளே போகிறது.

அத்தனை வருட வெயிலும் அதன்மேல் பட்டிருக்கிறது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து புரதத்தைச் சிதைக்க, வில்லை மஞ்சளாகிறது, பிறகு தேன் நிறமாகிறது. மஞ்சள் கண்ணாடி எதை விழுங்குமோ அதைத்தான் இதுவும் விழுங்கும்: நீலமும் ஊதாவும். கண்மணியும் முன்போல விரிவதில்லை. இரண்டும் சேர்ந்து, 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது.

அப்படியானால் வயதானவர்கள் ஏன் உலகம் மஞ்சளாகிவிட்டது என்று புகார் சொல்வதில்லை? என்னை மிகவும் வியக்கவைத்த இடம் இது. எது வெள்ளை என்பதைக் கண் தீர்மானிப்பதில்லை, மூளைதான் தீர்மானிக்கிறது. நாள்தோறும் கண் அனுப்பும் கணக்கைப் பார்த்து, நீலம் குறைந்து வருகிறது என்றால் அந்தக் குறையைக் கழித்துவிட்டு, இதுதான் வெள்ளை என்று மூளை புதிதாக வரையறுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் இளைஞரையும் முதியவரையும் உட்காரவைத்து, நிறமற்ற வெள்ளை ஒளி எது என்று காட்டச் சொன்னால், இருவரும் ஏறக்குறைய ஒரே ஒளியைக் காட்டுகிறார்கள். வில்லை இத்தனை மாறியும் வெள்ளை நகரவில்லை. புரை எடுத்தபின் இந்தக் கணக்குத் திடீரென்று தலைகீழாகிறது. நீலம் வெள்ளமாக உள்ளே வர, மூளை பழைய வழக்கப்படியே மஞ்சளைக் கழித்துக்கொண்டிருக்க, சுவர் நீலம் பூத்துத் தெரிகிறது. அந்தக் கணக்கைத் திரும்ப நேர்செய்ய மூளைக்கு வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மாதங்கள்.

மோனேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவர் சொன்னது 1912இல். அப்போது அவருக்கு 71 வயது, அம்மாவின் அதே வயது. ஜிவெர்னியில் தன் கையால் உருவாக்கிய அல்லிக் குளத்தின் ஓரம் நின்று வரைந்துகொண்டிருந்தார். அறுவைக்குப் பயந்தார். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அறுவைக்குப் பின் நாள்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும், பார்வை திரும்பும் என்ற உறுதியும் கிடையாது. பத்து வருடம் தள்ளிப்போட்டார். சாய ட்யூப்களில் பெயரைப் படித்து நிறத்தைத் தெரிந்துகொண்டார், வண்ணத்தட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் மாறாத இடம் ஒதுக்கினார். அறுபது வருடம் நீலத்தோடு வாழ்ந்தவர், நீலம் எது என்பதைப் பெயர்ச்சீட்டைப் பார்த்து நம்ப வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கண்ணில் மஞ்சள் கண்ணாடி இருந்தால் குளமும் மஞ்சளாகத் தெரியும், தட்டிலுள்ள சாயமும் மஞ்சளாகத்தான் தெரியும். குளத்தோடு ஒத்துப்போகும் சாயத்தை அவர் தேர்ந்தெடுத்தால், இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், நம் கண்ணுக்கு ஓவியம் சரியான நிறத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இதே காரணத்தால்தான், எல் கிரெகோ நீண்ட உருவங்களை வரைந்தது அவருக்குப் பார்வை கோணலாக இருந்ததால் என்ற பழைய விளக்கம் நிற்காது. கோணல் கண்ணுக்குக் கித்தானும் கோணலாகத்தானே தெரியும்.

மோனேவின் கதை வேறு. லேசான மஞ்சளை மூளை கழித்துவிடும். புரை முற்றிவிட்டால் கழிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடுகின்றன, பச்சையும் பழுப்பும் கலந்துபோகின்றன. வந்த ஒளியைத் திருத்த மூளைக்குத் தெரியும், வராத ஒளியை உண்டாக்கத் தெரியாது. வித்தியாசமே தெரியாத இரண்டு சாயங்களில் எதை எடுத்தாலும் தவறு கண்ணில் படாது. 1918க்குப் பின் அவர் வரைந்த ஜப்பானியப் பாலம் ஓவியங்களில் முன்பிருந்த குளிர்ந்த பச்சையும் நீலமும் போய், நெருப்பும் துருவும் கொழுந்துவிடுவது இந்தக் காலத்தில்தான். ஸ்டான்ஃபர்ட் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006இல் மோனேவின் குளத்தையும் ஓவியங்களையும் கணினியில் ஏற்றி, அந்தப் புரையின் வழியாகப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று காட்டினார். பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது என்றால் மிகையில்லை. எனக்கு அடைத்தது. மங்கிய தேன் நிறக் குழம்பு ஒன்று, அதில் பாலமும் இல்லை, அல்லியும் இல்லை.

மார்மர் ஓவியர் தெகாவுக்கும் இதையே செய்தார். விழித்திரையின் மையம் பழுதாகிக்கொண்டே வந்தவர் தெகா. அவருடைய பிற்காலப் பேஸ்டல் ஓவியங்களில் கோடுகள் கரடுமுரடாகிவிட்டன என்று நாம் பார்க்கிறோம். மங்கிய கண்ணுக்கு அந்தக் கரடுமுரடு தெரிந்திருக்காது. அவர் பார்த்த ஓவியம் நாம் பார்ப்பதைவிட மென்மையானது.

ஆனால் அந்த எரியும் பாலம் முழுவதும் புரையின் வேலை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. உருவத்தைக் கரைத்து ஒளியை மட்டும் நிறுத்தும் முயற்சியை மோனே புரைக்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டார். கண் அவர் கையிலிருந்து சில நிறங்களைப் பறித்தது. மிச்சமிருந்ததை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுத்தது அவர்தான்.

1922இல் வலக்கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. முன்னாள் பிரதமரும், அடிப்படையில் மருத்துவருமான நண்பர் ஜார்ஜ் கிளெமான்சோ விடாமல் வற்புறுத்த, 1923இல், 82 வயதில், வலக்கண்ணில் புரை எடுக்கப்பட்டது. அப்போது கண்ணுக்குள் வைக்க லென்ஸ் கிடையாது. அது 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கையில்தான் வந்தது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். மோனேவுக்குக் கிடைத்தது தடித்த மூக்குக்கண்ணாடி. அது ஒவ்வொன்றையும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும். வலக்கண்ணுக்கு உலகம் நீலம், இடக்கண்ணுக்கு மஞ்சள். கோபப்பட்டார், சோர்ந்தார், நிறமேற்றிய கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இடக்கண்ணைத் தொடவே விடவில்லை. 1925 வாக்கில் ஒரு கண்ணாடி ஒத்துவந்தது. உடனே, நாட்டுக்குக் கொடுப்பதாக வாக்களித்திருந்த பெரிய அல்லிக்குள ஓவியங்களைத் திருத்த உட்கார்ந்துவிட்டார். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், வரிசையாக வைத்தால் 90 மீட்டருக்கு மேல். 1926 டிசம்பரில் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டு மே மாதம் பாரிஸ் ஒராஞ்சரியின் இரண்டு நீள்வட்டக் கூடங்களில் அவை மக்களுக்குத் திறக்கப்பட்டன.

கண் இப்படியென்றால் கை வேறு கதை. விரல் நுனியால் ஒரு கிலோ விசையில் எதையாவது கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் ஏறுகிறது. நெம்புகோல் கணக்குத்தான். ஊசி பிடிக்கும்போதும் பென்சிலைக் கூராகப் பிடிக்கும்போதும் இது நடக்கிறது, முப்பது வயதில் நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் பண்ணை வீட்டுக் கிழவி ஒருவர் கம்பளி நூலில் காட்சிகளைத் தைத்துக்கொண்டிருந்தார். மூட்டுவலியில் ஊசி பிடிக்க முடியாமல் போகவே, எழுபதுகளின் பிற்பகுதியில் தூரிகைக்கு மாறினார். தூரிகையைத் தளர்வாகப் பிடித்துத் தோளிலிருந்து அசைக்கலாம், கிள்ள வேண்டியதில்லை. 1938இல் மருந்துக்கடைச் சன்னலில் வைத்திருந்த அவருடைய படங்களை ஒரு சேகரிப்பாளர் கண்டெடுத்தார். 1940இல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. உலகம் அவரைப் பாட்டி மோசஸ் என்று அழைத்தது. 101 வயதுவரை இருந்து, 1,500க்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச்சென்றார்.

ஓவியர் ரென்வாருக்கு முடக்குவாதம் ஐம்பது வயதை ஒட்டி வந்தது. கடைசி வருடங்களில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயின. தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். துணி சுற்றியது தோல் புண்ணாகாமல் இருக்கத்தான். தூரிகையைப் பக்கத்தில் இருப்பவர் விரலிடுக்கில் செருகுவார், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பெரிய கித்தானுக்கு எழுந்து நிற்க முடியாததால் உருளையில் சுற்றி, கித்தானையே தன் கைக்கு எட்டும்படி நகர்த்தவைத்தார்.

ரென்வாரின் கைகளைப் புகைப்படத்தில் பார்க்கும்போதெல்லாம் மதுரையில் இருந்த இன்னொரு ஜோடிக் கைகள் நினைவுக்கு வரும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் விரல்களும் இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் கோணிப்போனவை. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மோனே பத்து வருடம் பயந்து தள்ளிப்போட்ட அதே புரையை இந்தக் கோணிய விரல்கள் ஊர் ஊராக எடுத்தன. அவர் ஓவியரல்ல. இருந்தாலும், மாறிப்போன கையைப் புதிதாகப் படித்துக்கொள்வது எப்படி என்பதற்கு இவரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஓவியர் மத்தீஸுக்கு 1941இல் வயிற்றில் பெரிய அறுவை. அதன்பின் நாளின் பெரும்பகுதி படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழிந்தது. உதவியாளர்கள் காகிதத்தில் வண்ணம் பூசித் தர, அவர் கத்தரிக்கோலை எடுத்து நேரே நிறத்துக்குள் வெட்டினார். கோடு போட்டு அதற்குள் வண்ணம் நிரப்புவது என்ற இரண்டு வேலை ஒரே வெட்டில் ஒன்றாகிவிட்டது. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிச் சுவரில் வரைந்தார். இவற்றை முடியாதவரின் மாற்றுவழி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வெட்டுக் காகிதங்களை 40 வயது மத்தீஸால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

கண் முழுவதுமே போய்விட்டால்? வங்காளத்தின் சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸின் மாணவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. அந்தக் கண்ணோடுதான் 1947 வாக்கில் அங்குள்ள இந்தி பவனத்தில் இடைக்காலப் பக்தி அடியார்களின் நீண்ட சுவரோவியத்தை, முன்வரைவு எதுவும் இல்லாமல் நேரே சுவரில் வரைந்தார். பத்தாண்டுகள் கழித்துச் செய்த புரை அறுவை தோற்றது. ஐம்பதைத் தாண்டிய வயதில் முழு இருட்டு. அதன்பிறகு அவர் காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டினார், மெழுகைப் பிசைந்து உருவம் செய்தார். 1972இல் சாந்திநிகேதனின் கலைக்கல்லூரியான கலா பவனத்தின் சுவர் ஒன்றுக்குச் சுட்ட ஓடுகளில் பெரிய சித்திரம் ஒன்றை உருவாக்கினார். பழைய மாணவர் சத்யஜித் ராய் அதே ஆண்டு அவரைப் பற்றி எடுத்த படம்தான் 'தி இன்னர் ஐ'.

கண் போனபின்னும் கையால் இப்படிச் செய்ய முடிவது எப்படி என்பதற்கு மூளை அறிவியல் ஒரு துண்டுப் பதில் வைத்திருக்கிறது. பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் முழுவதுமாகக் கட்டி, விரலால் பிரெய்ல் படிக்கப் பழக்கினார்கள். ஐந்தாம் நாள், பார்வைக்கான மூளைப்பகுதி விரலின் தொடுதலுக்கு விழித்துக்கொண்டது. கட்டை அவிழ்த்து ஒரு நாளுக்குள் அது மறைந்தும் போனது. அந்தப் பகுதிக்குப் பார்வை ஒன்றுதான் வேலை என்று நாம் நினைத்திருந்தோம். காத்திருந்த ஏதோ ஒரு வழி அங்கே முன்பே இருந்திருக்கிறது.

அறுபதுக்குமேல் புதிதாக வரையத் தொடங்கினால் மூளைக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மனியில், பணி ஓய்வை ஒட்டிய வயதிலிருந்த 28 பேரை இரண்டாகப் பிரித்துப் பத்து வாரம் ஆய்ந்தார்கள். ஒரு பாதி தன் கையால் வரைந்தது, மறு பாதி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து அவற்றைப் பற்றிப் பேசியது. 2014இல் வெளியான முடிவின்படி, வரைந்தவர்களின் மூளையில்தான் சில பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடியிருந்தது. பார்த்துப் பேசியவர்களிடம் அப்படி இல்லை. 28 பேர் மிகச் சிறிய கூட்டம், இதை வைத்து யாரும் மருந்துச்சீட்டு எழுதிவிட முடியாது. எனக்கு இதில் பிடித்தது ஒன்றே: பார்ப்பதும் செய்வதும் மூளைக்கு ஒன்றல்ல.

நோயும் தன் தடத்தைக் கித்தானில் விடுகிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஏழு ஓவியர்களின் 2,092 ஓவியங்களை எடுத்து, தூரிகைத் தடங்களின் சிக்கலைக் கணித முறையில் அளந்தது. மோனே, பிக்காசோ, சாகால் போல இயல்பாக முதுமையடைந்தவர்களிடம் அந்தச் சிக்கல் குறையவில்லை, கூடவே செய்தது. பின்னாளில் மறதிநோய் கண்ட வில்லம் டி கூனிங்கின் ஓவியங்களில், நாற்பது வயதிலிருந்தே அது இறங்கத் தொடங்கியிருந்தது. அதே டி கூனிங் 1980களில், பெயர்களும் நாட்களும் நழுவிக்கொண்டிருந்தபோது, 300க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். வெள்ளைப் பரப்பில் நாடாவைப் போல ஓடும் சிவப்பும் நீலமும். கைப்பழக்கத்துக்கான நினைவு, பெயர்களுக்கான நினைவு இருக்கும் இடத்தில் இல்லை. அது தாமதமாகத்தான் கரைகிறது. பேத்தியின் பெயரை மறந்த பாட்டி, புள்ளி தவறாமல் கோலம் போடுவது இதனால்தான்.

உடம்பு இத்தனை வழி கண்டுபிடிக்கிறது. கலை உலகம்தான் கதவைச் சாத்திக்கொள்கிறது. பிரிட்டனின் டர்னர் பரிசுக்கு 1991 முதல் 50 வயது வரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்தார்கள். எடுத்த அதே ஆண்டு வென்றவர் 63 வயது லுபைனா ஹிமிட். திறமை வாசலிலேயே காத்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஹவானாவில் பிறந்த கார்மென் ஹெரேரா பல பத்தாண்டுகள் நியூயார்க்கில் வரைந்து, முதல் ஓவியத்தை விற்றபோது வயது 89. விட்னி அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தபோது 101. சிகாகோ பொருளாதார அறிஞர் டேவிட் கேலன்சன் ஏலவிலைகளை அலசி, பிக்காசோவின் இருபதுகளுக்கும் செசானின் அறுபதுகளுக்கும்தான் சந்தை அதிக மதிப்புத் தருகிறது என்று காட்டினார். சிலர் ஒரு யோசனையோடு வந்து சட்டென்று அதை வரைந்துவிடுகிறார்கள், சிலர் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்கிறார்கள். தேடுகிறவர்களுக்கு வயது தேவைப்படுகிறது. கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை உருவங்களாக்கி விளையாடிய தாகூர், 1930இல் பாரிசில் முதல் ஓவியக் கண்காட்சி வைத்தபோது 69ஐ எட்டிக்கொண்டிருந்தார். சிவப்பும் பச்சையும் அவருக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. அந்தக் கண்ணோடு 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள்.

முதியவர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்துவோரிடம் நான் கேட்பது எளிய விஷயங்கள். மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகிறது என்றால் விளக்கைக் கூட்டுங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம், கண்ணில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தூரிகைக் காம்பில் பஞ்சோ துணியோ சுற்றித் தடிப்பாக்குங்கள், கட்டைவிரல் மூட்டு நன்றி சொல்லும். ட்யூபில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மோனேவுக்குத் தேவைப்பட்டது யாருக்கும் இழுக்கில்லை.

பினோத் பிஹாரியின் மாணவர் ஒருவர் இருந்தார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1944இல் சாந்திநிகேதன் போனவர், கே. ஜி. சுப்ரமணியன். கலா பவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களை அவர் 1990 வாக்கில் ஓவியத்தால் நிறைத்திருந்தார். மழையும் வெயிலும் அதைத் தின்றுவிட்டன. 2009இல், 85 வயதில், அதே சுவர்களுக்குத் திரும்பி வந்தார். பழைய படத்தைப் பழுதுபார்க்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து, கறுப்பிலும் வெள்ளையிலும், புதிதாக வரைந்தார்.